பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது

சென்ற மாதம் தென்காசி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. புதிதாக எடுத்திருக்கும் கணக்கெடுப்பாளர்களுக்கு நான் அரை மணி நேரம் பேச வேண்டுமாம். ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிவிட்டது, என்னை ஞாபகம் வைத்துக் கூப்பிடுகிறார்களே என்று சந்தோஷமாகத்தான் போனேன். உள்ளே போய் வெள்ளைப் பலகையைப் பார்த்தேன், சந்தோஷம் போய்விட்டது. ‘கேள்விகளைப் புரிந்துகொண்டு பதிலளிப்பதில் மக்களுக்கு உள்ள சிரமங்கள்’ என்று தலைப்பு எழுதிப் போட்டிருந்தார்கள். மக்களுக்கு உள்ள சிரமமாம். கேள்வியை எழுதியவர்களுக்கு ஒரு சிரமமும் கிடையாது போலிருக்கிறது.

பேச ஆரம்பித்துப் பத்து நிமிடம் கூட ஆகியிருக்காது. பிரியா என்று ஒரு பெண், மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டிருந்தவள், எழுந்து கேட்டாள். “மேடம், ஜனங்க ஏன் மேடம் நேரா பதில் சொல்ல மாட்டேங்காங்க? நேத்து சுந்தரபாண்டியபுரத்துல ஒரு ஆச்சிட்ட ஒரே கேள்விய நாலு தடவ வாசிச்சேன். அவங்க பாட்டுக்கு வேற எதையோ பேசுதாங்க.” நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல எனக்கு முப்பத்தொரு வருடச் சரக்கு இருக்கிறது. வாயைத் திறப்பதற்குள் அதிகாரி வந்து அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்றார். ஒரு சால்வையைப் போர்த்திவிட்டுக் கீழே அனுப்பிவிட்டார்கள். அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மதுரையில் பத்து நாள். மாடியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பேட்டி எடுத்தோம். எல்லோருக்கும் எல்லாக் கேள்வியும் புரிந்தது. கேட்டவளும் பட்டதாரி, பதில் சொன்னவளும் பட்டதாரி, புரியாமல் என்ன செய்யும். முடிந்ததும் ஒரு தடிப் புத்தகம், ஒரு தோள்பை, வீட்டு வாசலில் எண் போடுவதற்கு ஒரு பெட்டி சாக்பீஸ் கொடுத்துத் தென்காசிக்கு அனுப்பிவிட்டார்கள். சாக்பீஸ் எண்ணைப் பார்த்துவிட்டு வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று பயந்து அழித்தவர்கள் உண்டு. மறுநாள் நான் போய்ப் பார்த்தால் தெருவில் ஒரு எண் இருக்காது. மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.

முதல் வேலை கீழப்பாவூரில். வீட்டில் என்னென்ன எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்ற கணக்கெடுப்பு. ‘கடந்த முப்பது நாட்களில் உங்கள் குடும்பம் உட்கொண்ட புளியின் அளவு எத்தனை கிராம்?’ இதை நான் தப்பில்லாமல் வாசித்தேன். அந்த வீட்டு அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மாசியில வாங்கிப் பானையில அடைச்சு வச்சிருக்கேன். எடுத்து எடுத்துப் போடுதேன். கிராம் பாத்து எவ கொழம்பு வைக்கா?”

நான் விடவில்லை. ஏறக்குறைய சொல்லுங்கள் என்றேன். அவள் உள்ளே போய் ஒரு உருண்டை புளியை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தாள். “இவ்வளவுதான் ஒரு நேரத்துக்கு. நீங்களே நிறுத்துக்கிடுங்க. நான் அடுப்பப் பாக்கணும்.” அதைத் தாளில் மடித்து எடுத்துப் போய்ப் பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்து, நாளைக்கு இரண்டு நேரம் என்று அறுபதால் பெருக்கி எழுதினேன். அந்த வருடம் நான் எழுதிய எண்களில் உருப்படியானது அது ஒன்றுதான். மற்ற வீடுகளில் எல்லாம் நான் நச்சரித்தது தாங்காமல் ஏதோ ஒரு எண்ணைச் சொல்லி என்னை வெளியே தள்ளினார்கள். அதையும் எழுதிக்கொண்டேன்.

முப்பது நாள், ஏழு நாள், முந்நூற்று அறுபத்தைந்து நாள் என்று கேட்கிறோமே, யாருக்கு அந்த அளவில் வாழ்க்கை நடக்கிறது? இங்கே கோயில் கொடைத் திருவிழாவுக்கு முன்னே, கொடைக்குப் பின்னே என்றுதான் ஞாபகம் இருக்கும். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவரைப் பங்குனி மாதம் போய்ப் பார்த்தேன். பாறையில் தண்ணீர் ஒரு நூல்கூட இறங்கவில்லை. ‘கடந்த ஏழு நாட்களில் நீங்கள் வேலை செய்தீர்களா?’ இல்லை என்றார். அடுத்த கேள்வி, ‘வேலை தேடினீர்களா?’

“வேலைய எதுக்கும்மா தேடணும்? அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். மலைக்கு மேல இருக்கு. ஆனியில சாரல் விழுந்தா தானா எறங்கி வரும்.”

இந்தப் பதிலுக்கு என் புத்தகத்தில் குறியீட்டு எண் கிடையாது. வேலை இல்லாதவர் என்று போட்டால் அவர் கோபப்படுவார், வேலை உள்ளவர் என்று போட்டால் என் மேலதிகாரி கோபப்படுவார். அரை மணி நேரம் அங்கே நின்று தலையைச் சொறிந்தேன். அவர் பாவம் எனக்கு ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

இன்னொரு தலைவேதனை திருப்திக் கேள்விகள். மிகவும் திருப்தி, ஓரளவு திருப்தி, திருப்தியும் இல்லை அதிருப்தியும் இல்லை, ஓரளவு அதிருப்தி, மிகவும் அதிருப்தி. இதை மூச்சு விடாமல் வாசித்து முடித்தால், எங்கள் பக்கத்து ஜனங்கள் சொல்வது ஒரே பதில்தான், “பரவால்ல.” ரேஷன் கடை எப்படி? பரவால்ல. ரோடு எப்படி? பரவால்ல. மகன் விபத்தில் கால் ஒடிந்து கிடக்கிறான், ஆஸ்பத்திரியில் எப்படிக் கவனித்தார்கள்? பரவால்ல. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு சுமைதூக்கும் தொழிலாளி மட்டும் நடுவில் உள்ளதைப் பிடித்துக்கொண்டார். “திருப்தியும் இல்ல, அதிருப்தியும் இல்லன்னா அது எப்படி இருக்கும்? அதச் சொல்லுங்க மொதல்ல, அப்புறம் நான் சொல்லுதேன்.” எனக்கே அது எப்படி இருக்கும் என்று இன்றுவரை தெரியாது.

அப்புறம், யார் பதில் சொல்வது என்ற கூத்து. ஓய்வு பெற்ற ராணுவக்காரர் ஒருவர் வீடு. என் அடையாள அட்டையை வாங்கி முன்னும் பின்னும் படித்துவிட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கேள்வியை நான் முடிப்பதற்குள் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது என்று கேட்டேன். “டெய்லி” என்றார். அவருக்குப் பின்னால் கதவோரம் நின்ற அவர் மனைவி எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி நான்கு விரலைக் காட்டினார். தண்ணீர் பிடிக்கிறவர் அந்த அம்மாதான். ஆனால் வீட்டுத் தலைவர் வீட்டில் இருக்கும்போது வேறு ஆளிடம் கேட்கக் கூடாது என்பது அந்தக் கணக்கெடுப்பின் விதி. நான் நான்கு என்று எழுதிவிட்டு வந்தேன்.

அதற்காகவே வாங்கிக் கட்டிக்கொண்டேன், தாணுமாலயன் சாரிடம்.

அவரைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும். நாகர்கோவில் பக்கத்துக்காரர், எங்களுக்குக் கண்காணிப்பாளர். ஒல்லியான ஆள். மதியம் மூன்று மணிக்கு எங்கள் தாள்களை வாங்கி மேசையில் வைத்து, ஒரு மர அடிக்கோலை முதல் வரிக்குக் கீழே வைப்பார். படித்ததும் கோலை ஒரு வரி கீழே இறக்குவார். அவசரமே கிடையாது. நாங்கள் எதிரே நிற்க வேண்டும். கோல் எங்காவது நின்றுவிட்டால் தொலைந்தோம். நிமிர்ந்து பார்க்காமல் எப்போதும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். “ஏம்மா, இது அவங்க சொன்னதா, நீங்க சொன்னதா?”

கேள்வியில் ஒரு வார்த்தையைக் கூட மாற்றக் கூடாது என்பார். விளக்கம் சொல்லக் கூடாது, உதாரணம் சொல்லக் கூடாது, சிரிக்கக் கூடக் கூடாது. புரியவில்லை என்று சொன்னால் அதே கேள்வியை அதே மாதிரி இன்னொரு தடவை வாசிக்க வேண்டும். “ஊருக்கு ஊரு நீங்க ஒரு மாதிரி கேட்டீங்கன்னா, வந்த பதிலை எல்லாம் எப்படிம்மா ஒன்னாக் கூட்டுறது?” என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆனால் வெயிலில் போய் வாசலில் நின்று, புரியாத கேள்வியை மந்திரம் மாதிரி இரண்டாம் தடவை வாசிப்பது நான்தானே. அவரை நான் மனதுக்குள் திட்டாத நாள் கிடையாது.

இனி நான் அந்த மேடையில் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு எங்களைத் தாய் சேய் நலக் கணக்கெடுப்புக்கு அனுப்பினார்கள். அப்போது காகிதப் படிவம்தான். அதில் ஒரு கேள்வி: ‘உங்களுக்கு இதுவரை உயிருடன் பிறந்த குழந்தைகள் எத்தனை? தற்போது உயிருடன் இல்லாத குழந்தைகளையும் சேர்த்துச் சொல்லவும்.’ பதில் வந்ததும் பிள்ளைக்கு ஒரு வரிசையாக நிரப்ப வேண்டும். வரிசை எண், பெயர், ஆணா பெண்ணா, பிறந்த மாதம், வருடம், உயிருடன் உண்டா, இல்லையென்றால் எத்தனை நாள் இருந்தது. அந்தப் பெண் இப்போது கர்ப்பமாக இருந்து, முந்தின பிள்ளை ஏதாவது ஒரு மாதத்துக்குள் இறந்திருந்தால், ஒரு தனிச் சீட்டு எழுதி அந்தப் பகுதி நர்சுக்குக் கொடுக்க வேண்டும். நர்ஸ் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். நாங்கள் எழுதுகிற மற்றதெல்லாம் எங்கோ போய்ப் புத்தகமாகிவிடும். இந்தச் சீட்டு ஒன்றுதான் நேரே ஒரு ஆள் கைக்குப் போய்ச் சேருவது.

கீழப்பாவூரைத் தாண்டி ஒரு சிற்றூர். மாரிச்செல்வி என்று ஒரு பெண், எட்டாம் மாதம். வயிற்றுக்கு மேல் இலையும் தூளும் பரப்பிய சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் மாமியார் பேச்சியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து இலை வெட்டிக்கொண்டிருந்தாள். ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை வாசலில் விளையாடிக்கொண்டிருந்தது. கணவன் புனலூருக்குப் பக்கத்தில் ரப்பர் எஸ்டேட்டில் வேலை. கல்யாணம் ஆனதிலிருந்து இவளும் அங்கேதான் இருந்திருக்கிறாள். நான்கு மாதத்துக்கு முன்புதான் பேறு பார்க்க இங்கே வந்திருக்கிறாள்.

கேள்வியை வாசித்தேன். மாரிச்செல்வி மாமியாரைப் பார்த்தாள்.

“ஒன்னு” என்றாள் பேச்சியம்மாள். “அந்தா நிக்காள்லா, அவதான். இது ரெண்டாவது.”

“ஏம்மா, ஒன்னுதானா?” என்று மாரிச்செல்வியிடம் கேட்டேன். தலையை ஆட்டினாள். எனக்கு இன்னும் நான்கு வீடு பாக்கி. நாலு மணி பஸ்ஸை விட்டால் ஆறரைக்குத்தான் அடுத்தது. ஒன்று என்று எழுதிவிட்டுக் கிளம்பினேன். அந்தப் பெண் மாமியாரைப் பார்த்த பார்வையை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. மருமகள் மாமியாரைப் பார்த்துவிட்டுப் பேசுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் தாணுமாலயன் சாரின் அடிக்கோல் அந்தத் தாளில் நின்றுவிட்டது.

“கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம். மூத்ததுக்கு ஏழு வயசு. நடுவுல ஒன்னும் இல்லையா?”

“சில பேருக்கு அப்படித்தான் சார்.”

“இது அவங்க சொன்னதா, நீங்க சொன்னதா?”

“திரும்பிப் போங்க. கேள்விய மாத்தாதீங்க” என்று தாளை என் பக்கம் தள்ளினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு எண்ணுக்காகப் பாவூர்சத்திரத்தில் இறங்கி, காய்கறி மூட்டைகளுக்கு நடுவே பஸ் மாறி, இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். இந்த மனுஷனுக்கு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கோலை நகர்த்தத்தான் தெரியும் என்று அடுத்த நாள் காலை வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன்.

அதே சுளகு, அதே இரண்டு பேர். அதே கேள்வியை அதே மாதிரி வாசித்தேன்.

“அன்னைக்கே சொன்னோம்லா, ஒன்னுன்னு. அதுக்கு மறுபடியுமா வந்தீய?” என்றாள் பேச்சியம்மாள்.

வெயில், தாகம், எரிச்சல். விதியாவது ஒன்றாவது என்று தாளை மூடிப் பையில் வைத்துவிட்டேன். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். சும்மா பேச்சுக் கொடுக்கிற மாதிரி மாரிச்செல்வியிடம் கேட்டேன். “புனலூர்ல பேறுகாலத்துக்கு எத்தன தடவ ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க?”

“மூணு தடவ” என்றாள். யோசிக்கவே இல்லை. கையில் பீடி சுற்றுவதும் நிற்கவில்லை.

பேச்சியம்மாளின் கத்தரிக்கோல் நின்றது. நான் அவளைப் பார்த்தேன். “மூணு தடவ போயி ஒரு பிள்ளையா ஆச்சி?”

“யம்மா, பேரு வைக்காத பிள்ளைய யாரும் எண்ண மாட்டாவ. பதினாறாம் நாள் கழிஞ்சு பேரு வச்சாத்தான் அது வீட்டுல ஒரு ஆளு. அந்த ரெண்டும் பதினாறு வரைக்கும் நிக்கல. மூணு தடவையும் நாந்தான் போயிப் பாத்தேன், எனக்குத் தெரியாதா? அதுவும் வயித்துப் பிள்ளக்காரிய வச்சுக்கிட்டு அந்தப் பேச்ச எடுக்கலாமா? நீங்களும் ஒரு பொம்பளதான.”

அவள் பொய் சொல்லவில்லை. பிள்ளைகள் எத்தனை என்று நான் கேட்டேன், அவர்கள் பிள்ளை என்று எண்ணுவதை எண்ணிச் சொன்னாள். உயிருடன் இல்லாத குழந்தைகளையும் சேர்த்து என்று ஒரு வரி போட்டுவிட்டால் எல்லாம் வந்துவிடும் என்று எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து ஒருவர் நினைத்திருக்கிறார். செத்துப்போன பிள்ளையைக் கூட எண்ணுவார்கள், பேர் வைத்திருந்தால். வைக்காததை எண்ண மாட்டார்கள். இது அந்த மனிதருக்குத் தெரியாது. முதல் நாள் எனக்கும் தெரியவில்லை. இதே ஜில்லாவில் பிறந்து வளர்ந்தவள் நான், எனக்கு என்ன கேடு.

“நர்ஸம்மாட்டயாவது சொன்னீங்களா?”

“அவளும் இதையேதான் கேட்டா. இது எத்தனாவதுன்னு. ரெண்டாவதுன்னு சொன்னோம்.”

மாரிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள். “ரெண்டும் பொறந்த மறுநாளே மஞ்ச மஞ்சளா ஆயிருச்சு மேடம். ஒன்னு மூணு நாளு. இன்னொன்னு ஒன்பது நாளு.”

டாக்டர் இல்லாவிட்டாலும் ஆயிரக்கணக்கான வீட்டுத் தாள்களை எழுதியவள் நான். ஒரே மாதிரி இரண்டு பிள்ளை போயிருக்கிறது, வயிற்றில் இருப்பதும் அதே வழியில்தான் போகப் போகிறது, இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. நர்ஸ் நோட்டிலோ இவள் இரண்டாம் பிரசவம், எந்தக் குறையும் இல்லாதவள். அங்கேயே இரண்டு வரிசை எழுதினேன். பெயர் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். சீட்டில் கண்காணிப்பாளர் கையெழுத்து வேண்டும், அதனால் அலுவலகத்துக்கு ஓடினேன்.

கோல் அந்தக் கோட்டில் போய் நின்றது.

“பெயர் காலியா இருக்கு.”

“வைக்கல சார்.”

“பெயர் இல்லாம வரிசை எண் கொடுக்கக் கூடாதும்மா. வரிசை எண் இல்லாம சீட்டு எழுத முடியாது. புத்தகத்துல அப்படித்தான் இருக்கு.”

இத்தனை வருட வேலையில் ஒரு மேலதிகாரி முன்னால் நான் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. “சார், அந்தப் பொண்ணுக்கு எட்டு மாசம் முடியப் போகுது. கட்டம் நிரம்பலன்னு நீங்க சீட்டுத் தராம இருங்க. நாளைக்கு அந்தப் பிள்ளையும் போனா அப்பவும் பேரு வச்சிருக்க மாட்டாங்க. அப்பவும் நான் கோடுதான் போடணும். அந்தப் புத்தகத்த எழுதினவன் யாருன்னு சொல்லுங்க, அவனக் கூட்டிக்கிட்டுப் போயி அந்த வாசல்ல நிறுத்துதேன்.” அழுகை வேறு வந்துவிட்டது, சனியன்.

அவர் அடிக்கோலை எடுத்து டிராயருக்குள் வைத்தார். போனை எடுத்து அந்தப் பகுதி நர்சைக் கூப்பிட்டு, காலையில் ஒன்பது மணிக்கு அந்த வீட்டுக்கு வரச் சொன்னார். என்னிடம், “சீட்டுப் புத்தகத்த எடுத்துக்கிட்டு வந்துருங்க. நானும் வாறேன்” என்றார்.

மறுநாள் காலை அந்த வீட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அதே கேள்வியை அவரும் ஒரு எழுத்து மாறாமல் வாசித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேச்சியம்மாள் நேற்றுச் சொன்னதையே சொன்னாள்.

“அண்ணாச்சி, இந்த அம்மாட்ட எல்லாம் சொல்லியாச்சு. பேரு வைக்காத பிள்ளைக்கு என்னத்தப் பேரு எழுதப் போறீய?”

“ஆச்சி, நான் உங்களத் தப்பு சொல்ல வரல. உங்க பதில் சரியாத்தான் இருக்கு. என் தாள்லதான் பேரு இல்லாம எழுத எடமில்ல. அது தாள்ல உள்ள கோளாறு” என்றார்.

தாணுமாலயன் சார் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அவர் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார். மாரிச்செல்வி சுளகை எடுத்துக் கீழே வைத்தாள்.

“பேரு வைக்கலன்னு அத்த சொல்லுதாவ. நான் வச்சிருந்தேன்” என்றாள். “ரெண்டாவது பொண்ணு, அபிநயா. மூணாவது பையன், சரவணன். யார்ட்டயும் சொன்னதில்ல. எங்க வீட்டுக்காரவுகட்ட கூடச் சொன்னதில்ல.”

பேச்சியம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். சார் இரண்டு பெயரையும் எழுதினார். எழுத்துச் சரியா என்று அவளிடம் வாசித்துக் காட்டினார். பிறகு சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

நர்ஸ் வந்து சீட்டைப் படித்துவிட்டு, “ஏட்டி, இத ஏன் என்ட்ட சொல்லல?” என்று மாரிச்செல்வியைப் பிடித்து ஏச ஆரம்பித்தாள். நீங்கள் சரியாகக் கேட்டீர்களா என்று நான் அவளை ஏசினேன். அவள் தன் நோட்டைப் புரட்டினாள். அதில் நெகட்டிவ் ரத்தம் என்று முன்னமே எழுதியிருக்கிறது. முதல் பிள்ளை நன்றாக இருக்கிறதே என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பிள்ளை மஞ்சளாகிப் போனது என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. அன்றைக்கே தென்காசிக்கு அழைத்துப் போனாள், அங்கிருந்து திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். தாய் ரத்தமும் பிள்ளை ரத்தமும் சேராமல் வருகிற கோளாறாம், அதற்கு மேல் எனக்கு விவரம் தெரியாது. நாள் வருவதற்கு முன்பே பிள்ளையை வெளியே எடுத்து, ரத்தம் மாற்றி, பதினோரு நாள் விளக்குக்கு அடியில் போட்டு வைத்திருந்தார்கள். ஆண் பிள்ளை. பிழைத்துவிட்டான்.

பிரியாவுக்கு நான் சொல்ல நினைத்தது இதைத்தான். ஜனங்களுக்குப் பதில் தெரியும் அம்மா. நாம் கேட்பது, அவர்கள் அதை வைத்திருக்கிற இடத்தில் போய்த் தட்டுவதில்லை. அன்றைக்குப் படியிறங்கும்போது அவளிடமே விசாரித்தேன். இப்போது டேப்லெட்டிலும் அதே கேள்வி, அதே பெயர்க் கட்டம் இருக்கிறதாம். நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் நகராதாம். “அப்படி வந்தா நாங்க ஏதாவது ரெண்டு எழுத்தத் தட்டிவிட்டு நகத்திருவோம் மேடம்” என்றாள். தாளிலாவது நான் ஒரு கோடு போட முடிந்தது. கோடு இருந்ததால்தான் ஒருவர் கோலை அங்கே நிறுத்தினார். இவள் தட்டிவிடுகிற இரண்டு எழுத்தை யார் நிறுத்திப் பார்ப்பார்கள்? எனக்கு வந்த கோபத்தில் சால்வையை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மாரிச்செல்வி வீட்டுக்கு, பிள்ளை பிறந்து ஆறு மாதம் கழித்து, இன்னொரு தடவை போனேன். இரண்டாம் சுற்று, அதே படிவம், அதே கேள்விகள். பேச்சியம்மாள் மடியில் பேரனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து வாங்க என்றாளே தவிர, சிரிக்கவில்லை. நான் கேள்வியை வாசித்தேன். இந்தத் தடவை மாரிச்செல்வி யாரையும் பார்க்கவில்லை.

“நாலு” என்றாள்.

ஒவ்வொரு வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். அபிநயா, பெண், மூன்று நாள். சரவணன், ஆண். எத்தனை நாள் உயிரோடு இருந்தான் என்று கேட்டேன்.

“ஒன்பது நாளு.”

ஒன்பது என்று எழுதினேன்.

“பத்து” என்றாள் பேச்சியம்மாள். மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். “பத்தாம் நா விடியுத வரைக்கும் இருந்தான். எம் மடியிலதான் கெடந்தான். நீ அசந்து ஒறங்கிட்டுக் கெடந்தட்டி, நான் ஒன்ன எழுப்பல.” பிறகு என்னைப் பார்த்தாள். “பத்துன்னு போடுங்க.”

ஒன்பதை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதினேன்.